விப்டெயில் சோர்ந்து கிடக்குதா? மருந்துப் போத்தலைத் தொட முதல் கிணத்துத் தண்ணியைப் பாருங்கோ

யாழ்ப்பாணத்தில விப்டெயில் எண்ட தொட்டி மீன் வளக்கிற ஆக்கள் கூடிக்கொண்டு வருகினம், எனக்கு அதில சரியான சந்தோசம், ஏனெண்டா இவ்வளவு அமைதியான, பாக்கப் பாக்க ஆசை வாற மீன் கெளுத்தி இனத்தில வேற இல்லை எண்டுதான் நான் நினைக்கிறன். ஆனா மீனுக்கு ஒண்டு வந்த உடன எல்லாரும் கேக்கிறது ஒரே கேள்வி, "என்ன மருந்து போடுறது?" மருந்து பேந்து. எங்கட ஊரில இந்த மீனுக்கு வாற கரைச்சல் கனக்க மீனில தொடங்கிறதில்லை, கிணத்தில தொடங்குது. அதால நோயின்ர பேரைத் தேடாம, கண்ணுக்குத் தெரியிற அறிகுறியை வச்சு எங்க பாக்கிறது, என்ன செய்யிறது எண்டு எழுதிறன்.

முதல்ல ஒரு விசயம், விப்டெயில் எண்டு கடையில விக்கிறது ஒரு மீன் இல்லை. மண்ணில படுத்துக் கிடக்கிற ரைனெலொரிகாரியா (ரெட் லிசார்ட் எண்டு சிவப்பா வாறதும் இதுதான், 12, 13 சென்ரிமீற்றர் வரும்), கட்டையிலயும் கண்ணாடியிலயும் ஒட்டிக்கொண்டு நிக்கிற ரோயல் விப்டெயில் எண்ட ஸ்டூரிசோமா (இது 20 சென்ரிமீற்றர் வரைக்கும் போகும்), அதோட காஞ்ச குச்சி மாதிரியே இருக்கிற ஃபார்லோவெல்லா. எல்லாம் தென்னமெரிக்க ஆறுகளின்ர மீன். அங்க தண்ணி ஓடிக்கொண்டே இருக்கும், ஒட்சிசன் நிறைய இருக்கும், கனக்க இடங்களில சுண்ணாம்பும் குறைவு. எங்கட நிலம் அப்பிடியே மறுவளம். வருசம் முழுக்க ஓடுற ஆறே இல்லாத குடாநாடு, கீழ முழுக்க சுண்ணாம்புக்கல்லு, மழைத்தண்ணி அந்தக் கல்லுக்குள்ளால இறங்கி, கல்லைக் கரைச்சுக்கொண்டுதான் கிணத்துக்கு வருது. கேத்திலுக்க வெள்ளையாப் படியிறது அதுதான். உந்தத் தண்ணியில விப்டெயில் வளக்க ஏலாது எண்டு நான் சொல்லேல்ல, வடிவா வளக்கலாம், ஆனா தண்ணி என்னெண்டு தெரிஞ்சு வளக்கோணும்.

அதுக்கு கையில இருக்க வேண்டியது நாலு சாமான்: ஒரு தேர்மோமீற்றர், பீஎச் (தண்ணியின்ர அமில, காரத் தன்மை) ரெஸ்ட், கடினத்தன்மை பாக்கிற ஜிஎச், பீஎச்சைத் தாங்கிப் பிடிக்கிற சக்தியைப் பாக்கிற கேஎச் ரெஸ்ட், நைத்திரேற்று ரெஸ்ட். அமோனியா ரெஸ்டும் வாங்க ஏலுமெண்டா இன்னும் நல்லம். தொட்டித் தண்ணியை மட்டும் பாத்துப்போட்டு விடாதேங்கோ, கிணத்துத் தண்ணியைத் தனியா ஒரு வாளியில எடுத்து ஒரு நாள் முழுக்க எயார் ஸ்டோன் போட்டு வச்சிட்டு அதையும் பாருங்கோ. கிணத்தில இருந்து இழுத்த உடன பாத்தா பீஎச் குறைவாத்தான் காட்டும், நிலத்துக்குக் கீழ இருக்கிற தண்ணியில காபனீரொட்சைட்டு கூட, காத்துப் பட்டு அது வெளியேறின பிறகுதான் பீஎச் ஏறி 8க்கு மேல போகும். காலமை 7.3 எண்டு பாத்துத் தண்ணி மாத்திப்போட்டு, அடுத்த நாள் தொட்டி 8.2 காட்டுதே எண்டு முழிக்கிறவை கனபேர், காரணம் இவ்வளவுதான்.

"அசையாமலே கிடக்குது, உயிரோட இருக்கா எண்டே தெரியேல்ல"

புதுசா வாங்கினவை முதல் கேக்கிறது இது. பகலில விப்டெயில் மணிக்கணக்கா ஒரே இடத்தில கிடக்கும், அது வருத்தம் இல்லை, அதின்ர குணம். கொல்ல வாற பிராணிக்கு தான் ஒரு குச்சி எண்டு காட்டுறதுதான் அதுக்குப் பெரிய பாதுகாப்பு. அதால கையால தட்டி, குச்சியால குத்தி எழுப்பாதேங்கோ. இரவு லைட் எல்லாம் நூத்து ஒரு மணித்தியாலம் கழிச்சு ரோச் அடிச்சுப் பாருங்கோ, மண்ணில தவண்டு திரிஞ்சு மேயுதெண்டா மீன் சுகமா இருக்கு.

கவலைப்பட வேண்டியது எப்ப எண்டா, இரவிலயும் அசையேல்ல, நிறம் வெளிறிப் போச்சு, செட்டையெல்லாம் உடம்போட ஒட்டி மடிஞ்சு கிடக்கு, கண்ணாடியில ஒட்டி நிண்டது பிடி விட்டுக் கீழ விழுகுது. இப்பிடி எண்டா உடன அமோனியாவும் வெப்பநிலையும் பாருங்கோ, பாத்துப்போட்டு கீழ மூச்சு வாங்கிற பகுதிக்குப் போங்கோ.

"கொழும்பில இருந்து எடுப்பிச்சது, ரெண்டு மூண்டு நாளில செத்துப் போச்சு"

இதில கடைக்காரரைப் பேசுறவைதான் கூட. மீன் வருத்தத்தோட வந்திருக்கவும் ஏலும், நான் இல்லை எண்டு சொல்லேல்ல, ஆனா அதுக்கு முதல் தண்ணியை யோசியுங்கோ. கொழும்புப் பக்கம் பைப்பில வாற களனி ஆத்துத் தண்ணி மென்மையான தண்ணி. அதில நிண்ட மீனை பையில போட்டு ஒட்சிசன் அடிச்சு இரவு பஸ்ஸில ஏத்தி, விடிய எங்கட சுண்ணாம்புத் தண்ணிக்குள்ள விட்டா, மீனின்ர உடம்பு உப்புச் சமநிலையை ஒரே நாளில மாத்தோணும். பலமான மீன் தாங்கும். பட்டினியாவும் பயத்தோடயும் வந்த விப்டெயில் முதல் நாள் நல்லா இருக்கிற மாதிரி இருந்து மூண்டாம் நாள் விழும்.

இன்னொண்டு இருக்கு, அது இதை விட மோசம். பையுக்குள்ள மீன் இரவிரவா விட்ட மூச்சால காபனீரொட்சைட்டு சேந்து பீஎச் இறங்கி இருக்கும், கழிவால அமோனியாவும் சேந்து இருக்கும். பீஎச் குறைவா இருக்கும் வரைக்கும் அந்த அமோனியா பெரிசாக் கடிக்காது. பீஎச் 7, வெப்பம் 25 பாகை எண்டா மொத்த அமோனியாவில 200இல ஒரு பங்குதான் நஞ்சு வடிவத்தில இருக்கும். அதே அமோனியா பீஎச் 8.2, வெப்பம் 30 பாகைக்கு வந்தா பத்தில ஒரு பங்குக்கு மேல நஞ்சாகிடும். இப்ப யோசிச்சுப் பாருங்கோ, பையைத் திறந்து, எங்கட கிணத்துத் தண்ணியை சொட்டுச் சொட்டா ரெண்டு மணித்தியாலம் அந்தப் பைத் தண்ணியிலயே விட்டுக்கொண்டு இருந்தா மீன் எதுக்குள்ள நிக்குது? சொட்டு முறை நல்ல முறைதான், பக்கத்துக் கடையில வாங்கி அரை மணித்தியாலத்தில வீட்ட வாற மீனுக்கு. நெடுந்தூரம் வந்த பைக்கு அது சரிவராது.

சரியான வழி என்னெண்டா மீன் வர முதலே ஒரு தனித் தொட்டி, இல்லாட்டி ஒரு பெரிய பிளாஸ்ரிக் பெட்டி ஆயத்தமா இருக்கோணும், ஏற்கனவே ஓடிப் பழகின, அமோனியாவை முடிக்கிற நல்ல பக்ரீரியா பிடிச்ச ஸ்பொஞ் பில்ரரோட. அதுக்குள்ள மழைத்தண்ணி இல்லாட்டி ஆர்ஓ தண்ணி (மெசினில வடிச்சு உப்பு அகத்தின தண்ணி) முக்கால் பங்கு, கிணத்துத் தண்ணி கால் பங்கு. பையை மூடினபடியே 15, 20 நிமிசம் மிதக்க விட்டு வெப்பம் சரியானதும் திறந்து மீனை மட்டும் எடுத்து விடுங்கோ, பைத் தண்ணியை ஊத்த வேண்டாம். வலை பாவிக்காதேங்கோ, விப்டெயிலின்ர உடம்பும் செட்டை முள்ளும் சொரசொரப்பு, வலையில மாட்டினா இழுக்கிற இழுவையில செட்டை கிழியும், ஒரு பிளாஸ்ரிக் டப்பாவால கோலி எடுங்கோ. பேந்து ரெண்டு கிழமையா ஒவ்வொரு தண்ணி மாத்திலயும் கிணத்துத் தண்ணிப் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டி உங்கட பெரிய தொட்டித் தண்ணிக்குக் கொண்டு வாங்கோ. தனியா வைக்கிறதால புது மீனின்ர வருத்தம் பழைய மீனுக்குத் தொத்தாது, சாப்பிடுதா இல்லையா எண்டும் தெரியும்.

"மேல வந்து ஒட்டிக்கொண்டு பூ (செவுள்) வேகமா அடிக்குது"

கீழ கிடக்கிற மீன் தண்ணி மட்டத்துக்குக் கிட்ட வந்து கண்ணாடியில ஒட்டுதெண்டா, இல்லாட்டி பில்ரர் தண்ணி விழுகிற இடத்திலயே போய் நிக்குதெண்டா, அது மூச்சுக்குத் தவிக்குது. ரோயலும் ஃபார்லோவெல்லாவும் சும்மாவும் மேல ஒட்டி நிக்கிறவை, அவையில பூ அடிக்கிற வேகத்தைப் பாருங்கோ. டாங்க் கிளீனர் எண்டு விக்கிற பெரிய சக்கர் மீன் மேல வந்து காத்தை விழுங்கிச் சமாளிக்கும், அதைப் பாத்து விப்டெயிலும் சமாளிக்கும் எண்டு இருந்திடாதேங்கோ. அவசரத்துக்குச் செய்யிறது: எயார் பம்பைக் கூட்டி, வெளியால வாற தண்ணி மேல்மட்டத்தைக் குழப்பிற மாதிரித் திருப்பி விடுங்கோ. அதைச் செய்துகொண்டே காரணத்தைத் தேடுங்கோ.

சித்திரை வைகாசி எண்டா முதல் சந்தேகம் வெக்கை. 25 பாகையில தண்ணி லீற்றருக்கு 8.3 மில்லிகிராம் அளவில ஒட்சிசன் பிடிக்கும், 32 பாகையில 7.3தான். அதே நேரம் வெக்கையில மீனுக்குத் தேவைப்படுற ஒட்சிசன் கூடுது. ரைனெலொரிகாரியாவுக்கு 23இல இருந்து 27 வரைக்கும் சுகம், 30க்கு மேல நாள் கணக்கா நிண்டா தேஞ்சு போகும். தொட்டியை மேற்குச் சுவரில வைக்காதேங்கோ, சீற் போட்ட அறையில வைக்காதேங்கோ, பகலில லைட்டைக் குறையுங்கோ. மூடியைக் கழட்டி வலையைப் போட்டு, ஒரு சின்ன ஃபேனைத் தண்ணி மட்டத்துக்குக் குறுக்கால காத்து அடிக்க விட்டா ரெண்டு மூண்டு பாகை இறங்கும். ஐஸ் கட்டியை அள்ளிப் போடுறது வேண்டாம், திடீரெண்டு இறங்கி திடீரெண்டு ஏறுறது வெக்கையை விடக் கெடுதி. ஃபேன் போட்டா தண்ணி கெதியா ஆவியாகும், அந்தக் குறைஞ்ச தண்ணியைக் கிணத்துத் தண்ணியால நிரப்பாதேங்கோ. ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான், சுண்ணாம்பும் உப்பும் தொட்டிக்குள்ளயே நிக்கும், மேல மேல கிணத்துத் தண்ணி விட்டா ரெண்டு மாதத்தில கடினத்தன்மை எங்கயோ போய் நிக்கும். குறைஞ்சதை நிரப்ப மழைத்தண்ணி, இல்லாட்டி ஆர்ஓ தண்ணி.

கரண்ட் போன இரவு எண்டா வேற கதை. 2022இல மணித்தியாலக் கணக்கா கரண்ட் இல்லாம இருந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அப்ப இருந்து நான் எல்லாருக்கும் சொல்றது, விப்டெயில் வச்சிருக்கிற வீட்டில பற்றரி எயார் பம்ப் ஒண்டு கட்டாயம் இருக்கோணும், பெரிய விலை இல்லை. கரண்ட் திரும்பி வந்த பிறகும் ஒரு கவனம் வேணும்: வெளிய வைக்கிற கனிஸ்ரர் பில்ரர் பல மணித்தியாலம் நிண்டிருந்தா உள்ளுக்க ஒட்சிசன் முடிஞ்சு நல்ல பக்ரீரியா சாகத் தொடங்கி இருக்கும், அந்த நாறின தண்ணியை அப்பிடியே தொட்டிக்குள்ள தள்ள விடாம, திறந்து ஸ்பொஞ்சைத் தொட்டித் தண்ணியால அலசிப்போட்டு ஓட விடுங்கோ.

மழைக்காலத்தில, ஐப்பசி கார்த்திகை மார்கழி எண்டா, நான் முதல் கேக்கிற கேள்வி வேற. டெங்குப் புகை அடிச்சவையா? நுளம்புக்கு அடிக்கிற மருந்துகளில கனக்க மனிசருக்குப் பெரிசாச் செய்யாட்டியும் மீனுக்குக் கொடிய நஞ்சு. தொட்டியை மூடினாக் காணாது, எயார் பம்ப் அறைக் காத்தை இழுத்து நேரா தண்ணிக்குள்ளதான் விடுது. புகை வாற சத்தம் கேட்டா ஜன்னலைச் சாத்தி, பம்பை நிப்பாட்டி, தொட்டியை ஈரத் துணியால மூடி, புகை அடங்கி அறை காத்தோட்டமான பிறகு திரும்பப் போடுங்கோ, பில்ரர் தண்ணி அந்த நேரம் ஓடிக்கொண்டு இருந்தாக் காணும். வீட்டுக்க அடிக்கிற நுளம்பு ஸ்பிரேயும் அப்பிடித்தான். புகை பட்டுப் போச்செண்டா தண்ணியில பாதியை மாத்தி, பில்ரருக்குள்ள அக்ரிவேற்றட் காபன் (நஞ்சை உறிஞ்சிற கரி) போடுங்கோ.

இன்னொரு கேள்வி, கிணத்துக்குக் குளோரின் போட்டவையா? வெள்ளம் வந்து வடிஞ்ச பிறகு சுகாதாரப் பகுதி ஆக்கள் வந்து போடுவினம், அது ஆக்களுக்குத் தேவையான வேலை, ஆனா வீட்டில ஆரோ போட்டதை உங்களுக்குச் சொல்ல மறந்திருப்பினம். கிணத்துக்குப் போடுற அளவு பைப் தண்ணியில இருக்கிறதை விடக் கனக்கக் கூட. மணம் போனாலும் உடன நம்பாம ரெண்டு நாள் வாளியில காத்து விட்டு, அன்ரி குளோரின் எண்டு கடையில விக்கிற மருந்தும் விட்டுத்தான் பாவியுங்கோ. தாளையடியில கடல் தண்ணியை நன்னீராக்கி வாற பைப் தண்ணி கிடைக்கிற வீடுகளுக்கும் அன்ரி குளோரின் கட்டாயம்.

இதில ஒண்டும் இல்லை எண்டா அமோனியா. புதுத் தொட்டி, பில்ரர் பழக முதல் மீனை விட்டது, இல்லாட்டி பில்ரர் ஸ்பொஞ்சைப் பைப்புக்குக் கீழ பிடிச்சுக் கழுவினது. எங்கட பீஎச்சில அமோனியா எப்பிடிக் கடிக்கும் எண்டு மேல சொல்லிப்போட்டன், அதால ரெஸ்டில கொஞ்சம் நிறம் மாறினாலே தண்ணி மாத்துங்கோ, ரெண்டு நாளைக்குச் சாப்பாடு நிப்பாட்டுங்கோ.

"தண்ணி மாத்தினாத்தான் மீன் சோருது"

இதைச் சொல்றவையை ஒருத்தரும் நம்பிறதில்லை, தண்ணி மாத்தினா மீனுக்கு நல்லம்தானே எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். மற்ற ஊரில சரி. கோண்டாவில், உரும்பிராய், சுன்னாகம், கோப்பாய் எண்டு செம்மண் தோட்டப் பக்கம் கிணத்துக்குள்ளயே நைத்திரேற்று இருக்குது. வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் போடுற உரம், அதோட வீட்டு மலக்குழியில இருந்து ஊறுறது, எல்லாம் சுண்ணாம்புக்கல்லு வெடிப்பால கெதியா நிலத்தடித் தண்ணிக்குப் போயிடும். குடிதண்ணிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று, இந்த ஊருகள் இருக்கிற வலிகாமத்தில அதைத் தாண்டின கிணறுகள் இருக்கு எண்டு ஆராய்ச்சியளில திரும்பத் திரும்பச் சொல்லி இருக்கினம். அப்பிடிப்பட்ட கிணறு எண்டா நீங்கள் எவ்வளவு தண்ணி மாத்தினாலும் தொட்டி கிணத்தின்ர அளவுக்குக் கீழ இறங்காது, மீனின்ர கழிவு அதுக்கு மேல ஏறிக்கொண்டு போகும். விப்டெயில் நைத்திரேற்றுக்கு மென்மையான மீன், 25க்குக் கீழ வச்சிருக்கப் பாருங்கோ. நாள்பட்டுக் கூட நிண்டா சாப்பாடு குறையும், செட்டை ஓரம் கரையும், ஆண் பெண் இருந்தும் முட்டை வராது.

தீவுப்பகுதி, கடற்கரைப் பக்கம் எண்டா பிரச்சினை நைத்திரேற்று இல்லை, உவர். அதுவும் வெய்யில் காலத்தில கூடும், மாரியில குறையும், ஒரே கிணறுதான் ஆனா ஆவணியில எடுக்கிற தண்ணியும் தையில எடுக்கிற தண்ணியும் ஒண்டில்லை. அங்க தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பு எவ்வளவு எண்டு காட்டுற ரிடிஎஸ் மீற்றர் ஒண்டு வாங்கி ஒவ்வொரு மாதமும் பாருங்கோ.

ரெண்டுக்கும் மருந்து ஒண்டுதான், கலக்கிறது. கிணத்தில லீற்றருக்கு 60 மில்லிகிராம் நைத்திரேற்று எண்டா பாதிக்குப் பாதி மழைத்தண்ணி கலந்தா 30, ஒண்டுக்கு ரெண்டு கலந்தா 20. கடினத்தன்மையும் அதே கணக்கில இறங்கும், ஜிஎச் 24 எண்டா 12 ஆகும், ரைனெலொரிகாரியாவுக்கு அது வடிவாக் காணும். மழைத்தண்ணியை மட்டும் தனிய விடாதேங்கோ, அதில பீஎச்சைத் தாங்கிப் பிடிக்க ஒண்டும் இல்லை, ஒரு கிழமையில பீஎச் திடீரெண்டு விழும். கேஎச் 3, 4க்குக் கீழ போகாமப் பாத்தாச் சரி. இந்த விசயத்தில எங்கட சுண்ணாம்பு எங்களுக்கு உதவி, வெளிநாட்டில ஆர்ஓ தண்ணிக்குப் பவுடர் வாங்கிப் போடுறதை எங்களுக்குக் கிணறு சும்மா தருது.

மழைத்தண்ணி சேர்க்கேக்க முதல் ரெண்டு மூண்டு மழையை ஓட விடுங்கோ, கூரையில கிடக்கிற தூசியும் காகத்தின்ர எச்சமும் அதோட போகட்டும். ஓட்டுக் கூரை நல்லம். தகரக் கூரைத் தண்ணி வேண்டாம், அதில பூசி இருக்கிற நாகம் மழைத்தண்ணியில கரையும், மீனுக்கு நஞ்சு. பரலை இறுக்கி மூடி வலையும் கட்டுங்கோ, நுளம்பு பெருகினா அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் டெங்கு.

"வயிறு உள்ளுக்க போய் ஒட்டிக் கிடக்கு"

விப்டெயில் கண்ணாடியில ஒட்டேக்க வெளியால நிண்டு வயித்தைப் பாக்கலாம், கிழமைக்கு ஒருக்காப் பாக்கிறது நல்ல பழக்கம். சும்மா தட்டையா இருக்கிறது சரி, குழி விழுந்து எலும்புத் தட்டு தெரியுதெண்டா பட்டினி. இந்த மீன் பாசி தின்னி எண்டு சொல்லி விக்கினம், அது ரைனெலொரிகாரியாவுக்குப் பொருந்தாது. அதுக்கு வேணும் சின்னச் சின்ன உயிர்ச் சாப்பாடும் தாழுற குளிசையும். மேல போடுற சாப்பாட்டை மற்ற மீன் முடிச்சுப்போடும், அதால லைட் நூத்த பிறகு போடுங்கோ. சுத்தம் பண்ணின பச்சை றாலைப் பொடியா அரிஞ்சு போட்டா நல்லா எடுக்கும், கிழமைக்கு ஒரு தரம் இல்லாட்டி ரெண்டு தரம் காணும், மிச்சத்தைக் காலமை எடுத்திடோணும். ரோயலுக்கும் ஃபார்லோவெல்லாவுக்கும் பச்சைச் சாப்பாடு கூட வேணும், அவிச்ச பூசணித் துண்டு, கெக்கரிக்காய், கட்டையில படிஞ்சிருக்கிற பாசி. காஞ்ச கொய்யாக் கட்டை ஒண்டு அவிச்சு ஊறப்போட்டு வச்சா அதில படியிறதையும் மேயும்.

நல்லாச் சாப்பிட்டும் வயிறு ஏறேல்ல, கழிவு வெள்ளை நூல் மாதிரி வருது எண்டா வயித்துப் புழுவா இருக்கலாம். ஆடு மாட்டுக்குக் குடுக்கிற லெவமிசோல் இதுக்குக் கேக்கும், லீற்றருக்கு 2 மில்லிகிராம் கணக்கில ஒரு நாள் வச்சு, பேந்து தண்ணி மாத்தி, மண்ணையும் வடிவா உறிஞ்சி எடுத்து, ரெண்டு மூண்டு கிழமை கழிச்சு இன்னொருக்கா. போத்தலில எத்தனை வீதம் எண்டு வாசிச்சுக் கணக்குப் பாருங்கோ, கண்மதிப்பில ஊத்தாதேங்கோ.

"வயித்தில சிவப்பு, வாயைச் சுத்திப் புண்"

முதல் பாக்க வேண்டியது மண். கூர் கல்லுப் போட்ட தொட்டியில வயித்தால தவளுற மீனை விட்டா தேயும், தேஞ்ச இடத்தில ஊத்தை மண்ணில இருக்கிற பக்ரீரியா பிடிக்கும். மெல்லிய மணல் ரெண்டு சென்ரிமீற்றர் உயரம் போதும். கடற்கரை மணல் மெல்லிசா வடிவா இருக்கு எண்டு அள்ளிக்கொண்டு வராதேங்கோ, சிப்பித் தூள் நிறைய இருக்கும், ஏற்கனவே கடினமான தண்ணி இன்னும் கடினமாகும். கட்டிட வேலைக்கு வன்னியில இருந்து வாற ஆத்து மணலை நுளம்பு வலையில அரிச்சு, தண்ணி தெளியிற வரைக்கும் கழுவி எடுங்கோ. சந்தேகம் எண்டா ஒரு கரண்டி மணலில வினாகிரி விட்டுப் பாருங்கோ, நுரைச்சா சுண்ணாம்பு இருக்கு. முருகைக்கல்லு அலங்காரத்துக்கும் அதே கதைதான். மண்ணை மாத்தி, தண்ணியைச் சுத்தமா வச்சாலே சின்னப் புண் தானா மாறும்.

"வாலில இருந்த நீள நூல் அறுந்து போச்சு"

கூட விட்ட மீனைப் பாருங்கோ. டைகர் பார்ப், சண்டைக்கார சிக்லிட், இவை வாலைக் கடிக்கும், பெரிய டாங்க் கிளீனர் இரவில விப்டெயிலுக்கு மேல ஏறி ஒட்டும். பிரிச்சு விட்டா நூல் திரும்ப வளரும், பழைய நீளம் வருமெண்டு சொல்ல ஏலாது. பிரிச்ச டாங்க் கிளீனரைக் கிணத்திலயோ குளத்திலயோ விட்டிடாதேங்கோ, இலங்கைக் குளங்களில அது ஏற்கனவே பெருகிப் போய் நன்னீர் மீன்பிடிக்காரருக்குப் பெரிய கரைச்சல். கடைக்குத் திருப்பிக் குடுங்கோ.

"கன்னத்தில வெள்ளையா மயிர் மாதிரி, பங்கஸா?"

ரெண்டு கன்னத்திலயும் ஒரே அளவா, ஒழுங்கா நிக்குதெண்டா அது பங்கஸ் இல்லை, உங்கட மீன் வளந்த ஆண். முட்டைக் காலத்தில இன்னும் கூடும். மருந்து போட்டுக் கொண்டுபோடாதேங்கோ. பஞ்சு மாதிரி, ஒரு பக்கம் மட்டும், புண்ணுக்கு மேல எண்டாத்தான் பங்கஸ்.

உப்புத் தூவின மாதிரி உடம்பெல்லாம் புள்ளி எண்டா வெள்ளைப் புள்ளி நோய். இது வாடைக்காத்துக் காலத்தில, மார்கழி தையில, இரவுக் குளிரில தொட்டி இறங்கி இறங்கி ஏறேக்கதான் வாறது. வெப்பத்தை ஒரு நாளைக்கு ஒரு பாகையா 30க்கு ஏத்தி, காத்தை நல்லாக் கூட்டி வையுங்கோ, அந்த வெப்பத்தில கிருமி பெருகக் கஸ்டப்படும். மருந்து தேவைப்பட்டா மலகைற் கிரீன் போத்தலில சொன்ன அளவில பாதி. செப்பு கலந்த மருந்து வேண்டாம், இந்த மீனுக்கு ஒத்துக்கொள்ளாது. புள்ளி மறைஞ்ச உடன நிப்பாட்டாதேங்கோ, மருந்து கேக்கிறது தண்ணியில நீந்தித் திரியிற கிருமிக்கு மட்டும்தான், தோலுக்குள்ள இருக்கிறதுக்கும் மண்ணில கூடு கட்டி இருக்கிறதுக்கும் கேக்காது, அதால இன்னும் ஒரு கிழமை நீட்டுங்கோ.

"முட்டை வெள்ளையாகுது, குஞ்சு வந்தாலும் நிக்குதில்லை"

ரைனெலொரிகாரியா குழாய்க்குள்ள முட்டை போடும், ஒண்டேகால் அங்குல பிவிசி குழாய் இல்லாட்டி மூங்கில் காணும், தகப்பன் உள்ளுக்க இருந்து செட்டையால விசிறிக்கொண்டு இருக்கும். நாளைக்கு நாலு தரம் குழாயைத் தூக்கிப் பாத்தா அது விட்டுப்போட்டுப் போயிடும், முட்டை வெள்ளையாகிறது கனக்க அதாலதான். ஒண்டு ரெண்டு வெள்ளையானா தகப்பனே அகத்தும். ரோயல் கண்ணாடியிலயே ஒட்டும், அதுக்குக் காவல் தகப்பன்தான், ஆனா கண்ணாடி பக்கம் ஆள் நடமாட்டம் கூடாது, துணி ஒண்டைத் தொங்க விடுங்கோ.

வெப்பத்தைப் பொறுத்து ஒரு கிழமை, பத்து நாளில குஞ்சு வரும். முதல் ரெண்டு மூண்டு நாள் வயித்தில மஞ்சள் கரு இருக்கும், சாப்பாடு வேண்டாம். அது முடிஞ்ச பிறகு சாகத் தொடங்கினா வருத்தம் எண்டு யோசிக்காதேங்கோ, பட்டினி. விப்டெயில் குஞ்சு நாளைக்கு ரெண்டு நேரம் சாப்பிடுற குஞ்சு இல்லை, எந்த நேரமும் வாய்க்குக் கீழ ஏதாவது இருக்கோணும், அதுவும் ரோயல் குஞ்சு பசியை ஒரு நாளும் தாங்காது. ஒரு மாதத்துக்கு முதலே ஒரு வாளியில தொட்டித் தண்ணி விட்டு வெய்யிலில கல்லும் காஞ்ச வாதுமை இலையும் போட்டுப் பாசி பிடிக்க வைச்சு, நுளம்பு போகாம வலை கட்டி ஆயத்தமா வச்சிருங்கோ. குஞ்சு வந்த உடன அந்தக் கல்லை மாறி மாறி உள்ளுக்க வைக்கலாம், அதோட அவிச்ச பூசணி, தூளாக்கின குளிசை, பொரிச்ச உடன எடுத்த ஆர்ற்றீமியா (உப்புத் தண்ணியில வாழுற, றால் மாதிரிச் சின்ன உயிர்) குஞ்சு. இவ்வளவு சாப்பாடு கிடக்கேக்க தண்ணி கெடும், அதால நாளுக்கு ஒருக்கா பத்தில ஒரு பங்கு மாத்துங்கோ, குஞ்சு வளந்த தொட்டியின்ர அதே கலவைத் தண்ணியால, அதே வெப்பத்தில, எயார் ரியூப்பால மெல்லமா விட்டு.